சப்கான் கணக்கை யாரிடம் கொடுப்பது?

தீபாவளி முடிந்த வாரம் என் தம்பியின் நண்பன் ஒருவன் வீட்டுக்கு வந்தான். இங்கே சிங்கப்பூரில் பெயிண்டிங் சப்கான், அதாவது மெயின்கான் எனப்படும் முதன்மை ஒப்பந்தக்காரரிடம் வேலை வாங்கிச் செய்யும் துணை ஒப்பந்தக்காரர். கம்பெனி திறந்து ஒன்றரை வருடம் ஆகிறது. வேலை பெர்மிட்டில் வந்த எட்டு வெளிநாட்டு ஊழியர்கள், ஒரு பழைய லாரி. கையில் ஒரு கொங் குவான் பிஸ்கட் டின். பலகாரம் கொண்டுவந்திருக்கிறான் என்று நினைத்து வாங்கித் திறந்தேன். உள்ளே ரசீதுகள். டீசல், ரோலர், ஊழியர்களுக்குத் தேக்காவில் வாங்கிய சாப்பாடு, யாரோ கையால் எழுதிக்கொடுத்த சாரக்கட்டு வாடகைத் துண்டு. அடியில் கிடந்தவற்றில் பாதி வெளுத்துப்போய் வெறும் தாளாகியிருந்தன.

"அக்கா, இதை யார்கிட்ட குடுக்கிறது?" என்றான்.

என்னிடம் கேட்டதற்குக் காரணம் உண்டு. என் கணவர் பிளாஸ்டரிங், டைல்ஸ் வேலை எடுப்பவர். பதினொரு வருடத்தில் நாங்கள் கணக்கை நான்கு விதமாகப் பார்த்துவிட்டோம். முதலில் நானே பார்த்தேன். அப்புறம் சனிக்கிழமை மட்டும் வரும் பகுதிநேரக் கணக்காளர். அப்புறம் ஃபேஸ்புக்கில் விளம்பரம் வரும் பேக்கேஜ் நிறுவனங்களில் ஒன்று. இப்போது, கட்டுமான வாடிக்கையாளர்களையே அதிகம் வைத்திருக்கும் சின்ன கணக்கு அலுவலகம். சம்பளத்துக்கு ஆள் வைக்கும் ஐந்தாவது வழியில் நேர்முகத் தேர்வு வரை போய்த் திரும்பினோம்.

அவனுக்குச் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் ஒழுங்காக எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. எல்லாரும் கேட்கிற கேள்வி, "யார் வரியைக் குறைத்துத் தருவார்?" என்பது. சின்ன சப்கானுக்கு அது தவறான கேள்வி என்பது என் கட்சி. வருடம் 80,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) லாபம் நிற்கிறது என்று வையுங்கள். கம்பெனி வரி 17 விழுக்காடு. ஆனால் நிபந்தனைகளுக்கு உட்பட்ட புதிய கம்பெனிக்கு, முதல் மூன்று மதிப்பீட்டு ஆண்டுகளில், முதல் 100,000 வெள்ளியில் 75 விழுக்காட்டுக்கு விலக்கு உண்டு. மிச்சம் 20,000க்கு வரி 3,400 வெள்ளி. மூன்று ஆண்டு கழிந்து சாதாரண விலக்குக்கு வந்தாலும் முதல் 10,000இல் முக்காலும் அடுத்த 190,000இல் பாதியும் கழிந்துவிடும், வரி 6,375. இதில் எந்தக் கணக்காளர் எவ்வளவு மிச்சம் பிடித்துவிட முடியும்?

அதே கம்பெனியின் லெவியை, அதாவது வெளிநாட்டு ஊழியருக்காக அரசாங்கத்துக்கு மாதாமாதம் கட்டும் தீர்வையைப் பாருங்கள். 2024 ஜனவரி முதல் கட்டுமானத் துறையில் ஆர்1 (உயர்திறன்) ஊழியருக்கு மாதம் 500 வெள்ளி, ஆர்2 (அடிப்படைத் திறன்) ஊழியருக்கு 900. அவனுடைய எட்டுப் பேரும் ஆர்2. வித்தியாசம் ஒருவருக்கு 400. எட்டுப் பேருக்கு ஒரு வருடத்தில் 38,400 வெள்ளி. எல்லாரையும் ஒரே நாளில் ஆர்1 ஆக்கிவிட முடியாது. தேர்வு, பயிற்சி, அனுபவம், சம்பளம் என்று நிபந்தனைகள் இருக்கின்றன. ஆனாலும் அவனுடைய கணக்கைப் பார்த்த எவரும் இந்த ஒரு விஷயத்தை அவனிடம் சொல்லவில்லை. லெவி என்று ஒரு தலைப்பு, அதற்கு நேரே ஒரு தொகை, அவ்வளவுதான்.

ஆக, சப்கானின் பணம் ஓட்டையாகிற இடம் வருடக் கடைசி வரிப் படிவத்தில் இல்லை. மாதாமாதம் கிளைமில் (செய்த வேலைக்குப் பணம் கேட்பது), ரிடென்ஷனில் (குறைபாட்டுக்கு ஈடாக மெயின்கான் பிடித்துவைக்கும் பங்கு), பேக்சார்ஜில் (மெயின்கான் தன் செலவென்று கழித்துக்கொள்வது), ஜிஎஸ்டி எனும் பொருள் சேவை வரி கட்டும் நேரத்தில் இருக்கிறது. யாரைத் தேர்ந்தெடுத்தாலும் இவற்றைப் பார்க்கத் தெரிந்தவரா என்பதுதான் என் அளவுகோல்.

நானே பார்த்த காலம்

மென்பொருள் சந்தா, ஒரு ஸ்கேனர் செயலி, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். ஆரம்பத்தில் இது போதும். மாதச் சந்தா கட்டும் மேகக்கணி மென்பொருள்கள் நிறைய இருக்கின்றன. அவற்றில் ஒன்றின் பெயர் ஸீரோ. கணக்கு வைக்கிற சாமானுக்கு யாராவது இப்படிப் பெயர் வைப்பார்களா என்று என் மாமியார் கேட்டார். சம்பளச் சீட்டு, மசேநி (மத்திய சேமநிதி), மார்ச் 1க்குள் அனுப்ப வேண்டிய ஊழியர் வருமான விவரம் எல்லாம் பழகிவிட்டால் சமையல் போல ஆகிவிடும். வருடாந்திர வரிப் படிவமும் பூதம் இல்லை: வருவாய் 5 மில்லியன் வெள்ளிக்குள் இருந்தால் பெரும்பாலும் சுருக்கமான சி-எஸ் படிவம், 200,000க்குள் இருந்தால் அதைவிடச் சுருக்கமானது. நவம்பர் 30 கடைசி நாள்.

ரசீது வெளுப்பதற்கு மருந்து, வாங்கிய அன்றே படம் எடுப்பது. ஐந்து வருடம் வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். தெளிவான மின்படி இருந்தால் உள்நாட்டு வருவாய் ஆணையம் ஏற்றுக்கொள்ளும். டின் ஏற்றுக்கொள்ளுமா என்பது டின்னைப் பொறுத்தது.

நான் சறுக்கிய இடம் வேறு. வருட விற்பனை 1 மில்லியன் வெள்ளியைத் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவு கட்டாயம். டிசம்பர் கடைசியில் வங்கிக்கு வந்த தொகையைக் கூட்டிப் பார்த்தேன்: 940,000. தப்பித்தோம் என்று நிம்மதியாக இருந்தேன். ஜனவரி நடுவில் ஒரு கிளைம் கோப்பைப் புரட்டும்போதுதான் உறைத்தது: வங்கிக்கு வந்தது, மெயின்கான் சிமெண்டுக்கும் சாரக்கட்டுக்கும் பிடித்துக்கொண்ட பிறகு மிச்சம் வந்த தொகை. அந்த வருடம் பிடித்தது மட்டும் 85,000. நாங்கள் செய்த வேலையின் மதிப்பு 1,025,000. வரம்பு பார்ப்பது வேலையின் மதிப்பை. கைக்கு வந்த காசை இல்லை.

நாள்காட்டி வருட விற்பனை வரம்பைத் தாண்டினால் அடுத்த ஜனவரி 30க்குள் விண்ணப்பித்து, மார்ச் 1 முதல் பதிவு. எனக்குப் பதினைந்து நாள் மிச்சம் இருந்தது. தவறவிட்டிருந்தால், பதிவு செய்திருக்க வேண்டிய நாளிலிருந்து கணக்குப் போட்டு, மெயின்கானிடம் வசூலிக்காத ஜிஎஸ்டியையும் நாங்களே கட்ட நேர்ந்திருக்கும். முடிந்த வேலைக்கு 'இன்னும் வரி பாக்கி இருக்கிறது, கொடுங்கள்' என்று மெயின்கானிடம் போய் நின்று பாருங்கள், தெரியும். இன்னொன்று: திரும்பிப் பார்த்தால் மட்டும் போதாது. கையெழுத்தான ஒப்பந்தங்களை வைத்து அடுத்த 12 மாதத்தில் தாண்டும் என்று தெரிந்தாலே விண்ணப்பிக்க வேண்டும்.

பகுதிநேரக் கணக்காளரும் ஒரு கிளைமும்

ஜிஎஸ்டி வந்ததும் நான் கையை உயர்த்திவிட்டேன். மாதம் 250 வெள்ளிக்கு ஒருவர் வந்தார். நல்ல மனிதர், தமிழில் பேசலாம், என் கணவரின் கிறுக்கல்களைப் படிப்பார். பகலில் வேறு கம்பெனியில் வேலை. பல சப்கான்களின் கணக்கு இப்படிப்பட்டவர்களின் கையில்தான் இருக்கிறது. அதில் தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் கட்டுமானக் கணக்கு கடைக்கணக்கு மாதிரி இல்லை. அதைத்தான் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும்.

ஒரு மாதக் கிளைமை எடுத்துக்கொள்வோம். கியூஎஸ் (வேலையை அளந்து மதிப்பிடுபவர்) வெட்டியது போக ஒப்புக்கொண்ட வேலை 40,000 வெள்ளி. ரிடென்ஷன் 10 விழுக்காடு, 4,000 பிடித்தம். மிச்சம் 36,000. மெயின்கான் கொடுத்த டைல் பசைக்கும் ஃபோர்க்லிஃப்ட் வாடகைக்கும் பேக்சார்ஜ் 5,000. எங்கள் கணக்காளர் 31,000க்கு இன்வாய்ஸ் போட்டார். 9 விழுக்காடு ஜிஎஸ்டி 2,790. பார்க்க நேர்த்தியாக இருக்கும்.

சரியான முறை இப்படி: நாங்கள் 36,000க்கு டாக்ஸ் இன்வாய்ஸ், ஜிஎஸ்டி 3,240. மெயின்கான் அந்த 5,000க்குத் தன் பெயரில் எங்களுக்கு ஒரு டாக்ஸ் இன்வாய்ஸ், ஜிஎஸ்டி 450. நாங்கள் 3,240ஐக் காட்டி, 450ஐத் திரும்பக் கேட்போம். நிகரம் அதே 2,790. "தொகை ஒன்றுதானே, எதற்கு இரண்டு வேலை?" என்று அவர் கேட்டார். நானும் அப்போது தலையாட்டினேன். சிக்கல் தணிக்கை வரும்போதுதான் தெரியும். விற்பனையைக் குறைத்துக் காட்டியது ஒரு தவறு. அதைத் திருத்தி 450 கட்டு என்பார்கள். பதிலுக்கு 450ஐத் திரும்பக் கேட்க மெயின்கானின் டாக்ஸ் இன்வாய்ஸ் கையில் இருக்காது. இரண்டு வருடம் கழித்து எந்த மெயின்கான் பழைய பேக்சார்ஜுக்குத் தாள் தேடிக் கொடுப்பார்? பன்னிரண்டு மாதம் இப்படிப் போனால் 5,400 வெள்ளி.

எல்லாப் பேக்சார்ஜும் ஒன்றல்ல என்பது அடுத்த சங்கதி. பொருளோ சேவையோ கொடுத்துப் பிடித்தால் அதற்கு ஜிஎஸ்டி உண்டு. வேலை தாமதமானதற்கு நஷ்டஈடாகப் பிடித்தால் அது எதையும் விற்றதற்கான விலை இல்லை, ஜிஎஸ்டி கிடையாது. தாளில் இரண்டும் 'பேக்சார்ஜ்' என்ற ஒரே வார்த்தையில்தான் வரும். பிரித்துப் பார்க்க, அந்த மாதம் சைட்டில் என்ன நடந்தது என்று யாராவது கேட்க வேண்டும்.

ரிடென்ஷன் 4,000க்கு இப்போதே ஜிஎஸ்டி கட்ட வேண்டியதில்லை. அதற்கு இன்வாய்ஸ் போடும்போதோ பணம் வரும்போதோ, எது முந்துகிறதோ அப்போது கட்டினால் போதும். எங்கள் மனிதர் ஆரம்பத்தில் 40,000 முழுதுக்கும் இன்வாய்ஸ் போட்டார். ஒன்றரை வருடம் கழித்து வரப்போகும் பணத்துக்கு, அந்தக் காலாண்டிலேயே எங்கள் கையிலிருந்து வரி போனது. ஒரு கிளைமுக்கு 360 வெள்ளி. நான்கு சைட், மாதாமாதம்.

அதைவிடப் பெரியது, கிளைம் கொடுக்கும் அன்றே டாக்ஸ் இன்வாய்ஸும் கொடுத்துவிடுவது. கியூஎஸ் வெட்டினால் கிரெடிட் நோட், அதற்குள் காலாண்டு முடிந்துவிட்டால் வராத காசுக்கும் ஜிஎஸ்டி. அப்படிச் செய்ய வேண்டாம் என்று அவரிடம் சொன்னதும், மறுபக்கம் போய்விட்டார்: மெயின்கான் பதில் தந்த பிறகும் இன்வாய்ஸை மாதக் கடைசிச் சனிக்கிழமைக்குத் தள்ளினார். இதுவும் காசு. 2005 ஏப்ரலில் நடப்புக்கு வந்த கட்டுமானப் பணம் செலுத்தும் பாதுகாப்புச் சட்டத்தை, சைட்டில் சோப்பா என்பார்கள். அதன்படி மெயின்கான் கிளைமுக்கு ஒப்பந்தம் சொல்லும் கெடுவுக்குள், அதிகபட்சம் 21 நாளுக்குள், பேமெண்ட் ரெஸ்பான்ஸ், அதாவது எவ்வளவு தருவேன் என்ற பதிலைத் தர வேண்டும். ஜிஎஸ்டி பதிவுள்ள சப்கானுக்குப் பணம் தருவதற்கான உச்சக் கெடு 35 நாள். அந்த 35 நாள் ஓடத் தொடங்குவது டாக்ஸ் இன்வாய்ஸ் கொடுத்த நாளிலிருந்து. நாம் இன்வாய்ஸை மூன்று வாரம் தாமதித்தால், மூன்று வாரம் கடன் கொடுக்கிறோம் என்று பொருள். வட்டியில்லாமல்.

கடைசியில் அவர் போனது இதற்காக அல்ல. அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்று ஊருக்குப் போனவர் மூன்று மாதம் திரும்பவில்லை. கோப்புகள் அவருடைய மடிக்கணினியில், மென்பொருள் சந்தா அவருடைய மின்னஞ்சலில். அந்தக் காலாண்டு ஜிஎஸ்டி படிவம் தாமதமானது. காலாண்டு முடிந்த ஒரு மாதத்துக்குள் போக வேண்டிய படிவம் அது. தாமதத்துக்கு மாதம் 200 வெள்ளி அபராதம், வரி கட்டாததற்கு 5 விழுக்காடு தனி. அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. சந்தாவை எங்கள் பெயரில் வாங்காதது எங்கள் மடத்தனம். பகுதிநேர ஆள் வைப்பவர்கள் மென்பொருளையும் கார்ப்பாஸ் (கம்பெனிகள் அரசாங்க இணையச் சேவைகளுக்குள் நுழையும் கணக்கு) நிர்வாகி உரிமையையும் தங்கள் கையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். அவருக்குத் தேவையான அனுமதியை மட்டும் கொடுங்கள்.

பேக்கேஜ்

அந்தப் பயத்தில் ஒரு பேக்கேஜ் நிறுவனத்திடம் போனோம். கம்பெனி செயலாளர், கணக்குப்பதிவு, வரி, எல்லாம் ஒரே கட்டணத்தில். ஆட்கள் மாறினாலும் நிறுவனம் இருக்கும், கெடு தவறாது. நிதியாண்டு முடிந்து 3 மாதத்தில் உத்தேச வருமானம், 7 மாதத்தில் ஆண்டறிக்கை, எல்லாவற்றுக்கும் நினைவூட்டல் வரும். இந்த விஷயத்தில் அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். வருடத்துக்கு நாலைந்து இன்வாய்ஸ் மட்டும் போடும் ஆலோசனைக் கம்பெனிக்கு இதைவிட வேறு வேண்டாம்.

ஆனால் அவர்களுக்குத் தெரிந்தது வங்கி அறிக்கை. வந்தது வரவு, போனது செலவு. ஏதாவது கேட்டால் அரட்டைப் பெட்டியில் ஒரு பதில் வரும், அடுத்த முறை வேறொருவர். ரிடென்ஷன் எங்கேயும் பதிவாகவில்லை, ஏனென்றால் அது வங்கிக்கு வரவே இல்லையே! உட்லண்ட்ஸ் பக்கம் முடித்த ஒரு வேலையில் குறைபாட்டுப் பொறுப்புக் காலம் முடிந்து எட்டு மாதம் ஆகியும் 11,600 வெள்ளி அப்படியே கிடந்தது. பழைய கோப்பைத் தூக்கிப் போடப் போகும்போது நான்தான் கண்டுபிடித்தேன். மெயின்கான் தானாகக் கூப்பிட்டு 'உன் பணம் இருக்கிறது, வாங்கிக்கொள்' என்று சொன்னதாக நான் இதுவரை கேள்விப்பட்டதில்லை. அந்த வருடப் பேக்கேஜ் கட்டணத்தைப் போல பல மடங்கு அந்த ஒரு கோப்பில் இருந்தது.

என் கணவரின் எஸ் நம்பர் காருக்கான பெட்ரோல் ஜிஎஸ்டியை அவர்கள் இரண்டு காலாண்டு திரும்பக் கேட்டிருந்ததும் அப்போதுதான் தெரிந்தது. தனியார் பயணக் கார் முழுக்க வேலைக்கே ஓடினாலும் அதன் செலவு வரியில் கழியாது, ஜிஎஸ்டியும் திரும்பாது; லாரிக்கும் வேனுக்கும் உண்டு. தாமாக முன்வந்து திருத்தினோம். கெடு முடிந்து ஒரு வருடத்துக்குள் நாமே சொல்லிவிட்டால் அபராதம் போடுவதில்லை என்ற சலுகை இருப்பதால் வரியோடு போயிற்று.

கட்டுமானம் தெரிந்தவர்கள்

இப்போது இருக்கும் அலுவலகத்துக்கு மாதம் 650 வெள்ளி கொடுக்கிறோம். என் கணவர் முதலில் கேட்டதும் எழுந்தே போய்விட்டார். மாடிப்படியில் நிறுத்தி உட்கார வைத்தேன். காரணம், அந்தப் பெண்மணி எங்களிடம் கேட்ட முதல் கேள்வி, "வங்கி அறிக்கை எங்கே?" இல்லை. "எத்தனை சைட் ஓடுது? ஒவ்வொன்றுக்கும் கடைசிக் கிளைம், பேமெண்ட் ரெஸ்பான்ஸ், ரிடென்ஷன் பட்டியல் இருக்கா?" என்றார். ரிடென்ஷன் பட்டியல் என்று ஒன்று இருக்க வேண்டும் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும்.

சைட் வாரியாகச் செலவைப் பிரிப்பது இவர்களிடம் கிடைத்த பெரிய லாபம். நாங்கள் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்த ஒரு பெரிய வேலை நஷ்டத்தில் ஓடியது. வாய் திறந்து சொல்லக் கூச்சப்படும் ஒரு சின்னப் பள்ளி வேலை அதற்கும் சேர்த்துச் சோறு போட்டது. இது தெரிந்த பிறகு குவோட்டேஷன் போடும் விதமே மாறிவிட்டது. பணம் தராமலே மூடிவிட்ட ஒரு வாடிக்கையாளருக்காக நாங்கள் முன்பே கட்டியிருந்த ஜிஎஸ்டியை வாராக்கடன் நிவாரணத்தில் திரும்ப வாங்கிக் கொடுத்தார்கள். பொதுவாக 12 மாதம் காத்திருக்க வேண்டும், கடனாளி நொடித்துப்போனால் அதற்கு முன்பே கேட்கலாம். 'எனக்கு வந்தால்தான் உனக்கு' என்று ஒப்பந்தத்தில் எழுதியிருந்தாலும் சோப்பாவின் கீழ் அது செல்லாது என்பதையும் அவர்கள்தான் சொன்னார்கள். அதற்கு மேல் வழக்கு, தீர்ப்பு என்றால் அவர்கள் வேலை இல்லை, வழக்கறிஞரிடம் போ என்பார்கள். அது சரிதான்.

குறையும் உண்டு. நம்மை வேலை வாங்குவார்கள். ஒவ்வொரு ரசீதிலும் சைட் எண் எழுத வேண்டும், இல்லாவிட்டால் திருப்பி அனுப்புவார்கள். என் கணவருக்கு இது பள்ளிக்கூடம். முதல் நாள் பேசியது முதலாளி அம்மா, மாதாமாதம் வருவது இரண்டு வருட அனுபவமுள்ள பையன். இதை முன்பே கேட்டுவைத்துக்கொள்வது நல்லது. சைட் ஒன்றிரண்டு மட்டும் உள்ளவர்களுக்கு இந்தக் கட்டணம் கட்டுப்படியாகாது என்பதும் உண்மை.

சம்பளத்துக்கு ஆள்

கணக்கு எழுத்தருக்கு 2,800 வெள்ளி சம்பளம் என்றால், 55 வயதுக்கு உட்பட்டவருக்கு முதலாளி பங்கு மசேநி 17 விழுக்காடு, 476. திறன் மேம்பாட்டுத் தீர்வை 7 வெள்ளி. மாதம் 3,283. 650 வெள்ளியோடு ஒப்பிட்டால் பேச்சே இல்லை என்று தோன்றும்.

ஆனால் கட்டுமானத் துறையில் இந்தக் கணக்கு இதோடு நிற்பதில்லை. 2024 முதல், தகுதிச் சம்பளம் வாங்கும் முழுநேர உள்ளூர் ஊழியர் ஒருவருக்கு ஐந்து பெர்மிட் ஊழியர்கள் வரை வைத்துக்கொள்ளலாம். கோட்டா இல்லாமல் வேலையைத் திருப்பி அனுப்பும் சப்கானுக்கு, கணக்கு எழுதும் உள்ளூர்ப் பெண் ஒருத்தி ஐந்து பேருக்கு வழி திறக்கிறாள். கோட்டா மீதம் இருப்பவருக்கு அவள் வெறும் செலவு. எங்களுக்கு மீதம் இருந்தது, அதனால் விட்டுவிட்டோம். இருபது முப்பது பேர் வைத்து ஆறேழு சைட் ஓட்டுபவருக்கு, உள்ளே ஒரு எழுத்தரும் வெளியே ஒரு வரி முகவரும் சேர்ந்த ஏற்பாடுதான் சரிவரும் என்று நினைக்கிறேன். அத்தை பெயரில் மசேநி மட்டும் கட்டிக் கோட்டா எடுப்பது வேறு கதை. அது குற்றம், மனிதவள அமைச்சு அதைத் தேடிக்கொண்டுதான் இருக்கிறது.

தணிக்கை பற்றி எல்லாரும் பயப்படுகிறார்கள், அதனால் ஒரு வார்த்தை. தனியார் கம்பெனிக்கு வருவாய் 10 மில்லியன், சொத்து 10 மில்லியன், ஊழியர் 50 என்ற மூன்று வரம்பில் இரண்டுக்குள் இருந்தால் பொதுவாகத் தணிக்கை கட்டாயமில்லை. தேவைப்பட்டால் அதற்குப் பதிவுபெற்ற பொதுக் கணக்காளரே கையெழுத்திட வேண்டும். மற்ற எந்த வழியும் அதற்கு ஆகாது. கட்டட, கட்டுமான ஆணையப் பதிவில் மேல் தரத்துக்குப் போக நினைப்பவர் மூலதனத்தையும் நிகர மதிப்பையும் இப்போதே பார்த்துக்கொள்ள வேண்டும். சி3 தரத்துக்கு 25,000 வெள்ளி; சி1 என்றால் 300,000. வருடக் கடைசியில் லாபத்தையெல்லாம் டிவிடெண்டாக எடுத்துவிட்டு, மறு வருடம் தரம் உயர்த்த விண்ணப்பிக்கப் போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

நம் பையன் இப்போது வைத்திருப்பதும் ஒரு பேக்கேஜ்தான்; அதை இப்போதைக்கு விட்டுவிடச் சொல்லவில்லை. செயலாளர் வேலையை அவர்களே பார்க்கட்டும். கணக்கை மட்டும் பிரித்து, கட்டுமானம் தெரிந்தவரிடம் கொடு என்றேன். மாதாமாதம் இல்லாவிட்டாலும், காலாண்டுக்கு ஒருமுறை கிளைம் கோப்பைப் பார்க்கும் அளவுக்காவது. அவனுடைய வருட விற்பனை 870,000 வெள்ளி என்றான். "பேக்சார்ஜுக்கு முன்னாலயா, பின்னாலயா?" என்று கேட்டேன். யோசித்தான். அந்த முகத்தை நான் கண்ணாடியில் பார்த்திருக்கிறேன்.

இரண்டு பேரின் பெயரை வைத்திருந்தான். இருவரிடமும் சான்றிதழையோ கட்டணத்தையோ முதலில் கேட்காதே, உன்னுடைய ஒரே ஒரு கிளைமை எடுத்துப் போய்க் காட்டு, பேக்சார்ஜும் ரிடென்ஷனும் உள்ள ஒன்றாகப் பார்த்து எடு, என்றேன். உபி வட்டாரத்தில் இருந்தவர் தாளைப் பார்த்துவிட்டு, அடியில் இருந்த நிகரத் தொகையைச் சுட்டிக்காட்டி, "இதுக்கு இன்வாய்ஸ் போட்டுடலாம், ஈஸி" என்றாராம். மற்றவர் பேனாவால் பேக்சார்ஜைச் சுற்றி வட்டம் போட்டு, "இது எதுக்குப் பிடிச்சாங்க? அவங்க பில் எங்கே?" என்று கேட்டிருக்கிறார். மாதம் 420 வெள்ளி சொன்னார்; முன்னவரைவிட 140 அதிகம். கணக்கை அவரிடம் கொடுத்துவிட்டான்.

டின்னை அவர் வாங்கிக்கொள்ளவில்லை. வீட்டிலேயே படம் எடுத்து அனுப்பச் சொன்னாராம், அடியில் கிடப்பவற்றை முதலில்.